மின்கோளாறு உள்ள பழைய பாய்மரப் படகு: விலை பேசும் முன் புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

22 முதல் 32 அடி வரை நீளம், ஃபைபர் உடல், உள்ளே சிறிய டீசல் எஞ்சின், 12 வோல்ட் மின்சாரம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலோ அரியாங்குப்பம் ஆற்றிலோ கடலூர் உப்பனாற்றிலோ விற்பனைக்கு நிற்கும் இந்த வகைப் படகுகளை மனதில் வைத்து எழுதியது.

“சின்ன ஒயரிங் வேலைதான், ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. பாய்மரத்தின் உச்சி விளக்கு எரியவில்லை என்றால் ஒரு பியூஸ் போயிருக்கலாம். மரத்துக்குள் 10 மீட்டர் ஓடும் ஒயர் முழுக்க உப்பு ஏறிக் கறுத்தும் போயிருக்கலாம். வெளியில் தெரிவது இரண்டிலும் ஒன்றுதான்: விளக்கு எரியவில்லை. முன்னதற்கு ஐந்து நிமிடம் போதும். பின்னதற்குக் கிரேன் வைத்து மரத்தை இறக்க வேண்டும்.

அதனால் அவர் சொல்லும் வார்த்தைக்கு விலை பேசாதீர்கள், நீங்கள் அளந்து பார்த்ததற்குப் பேசுங்கள். பேட்டரிக் கோளாறு பணத்தோடு போகும். ஒயரிங் கோளாறில் பொருள் மலிவு, கூலிதான் ஏறும். கசிவு மின்னோட்டம் இருந்தால் விஷயமே வேறு. அது படகின் அடியில் உள்ள உலோகத்தைத் தின்கிற நோய். மூன்றில் எது என்று தெரியாமல் வாயைத் திறந்து ஒரு தொகை சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது.

படகைப் பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

10 ஆம்பியர் வரை டிசி (பேட்டரி மின்சாரம்) அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று. ஒயரைக் கவ்வி டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசியை (வீட்டு மின்சாரத்தை) மட்டுமே அளக்கும், படகில் அவற்றால் பயனில்லை. முதலைக்கவ்வி மாட்டிய 10 மீட்டர் ஒயர், டார்ச், கையளவு கண்ணாடி, சிறு கத்தி, ஒயர் ஸ்ட்ரிப்பர், மாஸ்கிங் டேப், மார்க்கர்.

கூடவே 21 வாட் கார் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைவிட இது நேர்மையானது. நூலளவு செம்பு மட்டும் மிஞ்சிய ஒயரும் மீட்டரில் 12.5 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்னோட்டமே இழுப்பதில்லை. பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். ஒயர் கெட்டிருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் எப்படிச் சோதிப்பது?

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம், சார்ஜரும் போட வேண்டாம் என்று. போனதும் எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உண்மையான சோதனை.

எல்லாவற்றையும் அணைத்த நிலையில் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே அளக்கவும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. சற்று முன்பு சார்ஜ் செய்திருந்தால் மேலோட்டமாகக் கூடுதல் காட்டும். விளக்குகளை ஐந்து நிமிடம் எரியவிட்டு, அணைத்து, பிறகு அளந்தால் அது இறங்கிவிடும்.

அடுத்து ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் மீட்டர் முள்ளை பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் வேண்டாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 9.6-க்குக் கீழே சரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பேட்டரியில் 11 வோல்ட் நிற்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று மட்டும் சத்தம் போடுகிறதா? சிவப்பு முள்ளை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழிலும் கறுப்பு முள்ளை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வோல்ட் முழுவதும் கேபிளிலும் லக்கிலும் (கேபிள் நுனியில் மாட்டும் உலோகக் காது) மெயின் சுவிட்சிலும் தொலைகிறது. இதே சோதனையை நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே செய்யவும். எஞ்சின் பிளாக்கில் நெகட்டிவ் கேபிள் மாட்டிய போல்ட்டுக்கு அடியில் துரு பிடிப்பது இந்தக் கரையில் மிகச் சாதாரணம். ‘ஸ்டார்ட்டர் போச்சு’ என்று சொல்லப்படும் பல படகுகளுக்கு அந்த போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே போதும். இது தெரிந்தால் ஒரு ஸ்டார்ட்டரின் விலையை நீங்கள் பேரத்தில் நியாயமில்லாமல் கழிக்கவும் மாட்டீர்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. 12.5-லேயே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. எஞ்சின் ஓடும்போதே யாராவது மெயின் சுவிட்சை அணைத்திருந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு எரிந்திருக்கலாம். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரையும் நம்ப வேண்டாம். அதற்குப் போகும் ஒயர் என்றோ அறுந்திருந்தால் அன்றிலிருந்து அது நின்றுபோயிருக்கும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

ஒயர் நல்லதா கெட்டதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து தெரியாது. விற்பவரிடம் அனுமதி வாங்கி, கடைசி முனையில் ஒரு லக்கை வெட்டி, மேல்தோலை 2 செ.மீ. உரித்துப் பாருங்கள். வெள்ளீயம் பூசிய கடல் ஒயர் வெள்ளி போல் பளபளக்கும். சாதாரணச் செம்பு புதிதாக இருந்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கருப்பாகவோ பச்சைக் களிம்பு படிந்தோ இருந்தால் இன்னும் 10 செ.மீ. தள்ளி உரித்துப் பாருங்கள். அங்கேயும் கருப்பு என்றால் உப்புநீர் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிவிட்டது. கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது, நெருக்கி மாட்டும் கிரிம்ப் இணைப்பும் பிடிக்காது. முனையை வெட்டி ஒட்டுப்போடும் வேலை அல்ல அது, ஒயரையே மாற்ற வேண்டும்.

மூன்று இடங்களில் உரித்துப் பாருங்கள்: சுவிட்ச் போர்டின் பின்புறம், பில்ஜ் பம்பு (படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பு) இணைப்பு, மரத்தின் அடிவாரம். மூன்றும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் மற்றதும் சுத்தம்தான்.

வீட்டு ஒயரையும் எம்சிபியையும் வைத்து வேலை செய்திருக்கிறார்கள். பிரச்சினையா?

ஆம். இங்கே இது அடிக்கடி தென்படும். வீட்டு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் நல்ல கைக்காரராகவே இருப்பார், ஆனால் கடலில் விதி வேறு. ஒற்றைக்கம்பி ஒயர் எஞ்சின் அதிர்வில் லக் அருகே ஒடியும். ஏசிக்கு மட்டுமான எம்சிபி டிசியில் மின்பொறியை அணைக்கும் என்று நம்ப முடியாது. ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொட்டுத் திரும்புவதால் பொறி தானாக அணையும். டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி காற்றில் படகு 25 பாகை சாயும்போது மூடி வழியே அமிலத்தைக் கொட்டும், சார்ஜ் ஏறும்போது மூடிய கேபினில் ஹைட்ரஜனை விடும். படகுக்குச் சரியானது அமிலம் சிந்தாத மூடிய வகையான ஏஜிஎம் அல்லது ஜெல்.

பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் பாசிட்டிவ் ஒயரில் பியூஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் தடித்த கேபிளுக்கு மட்டும் பியூஸ் இல்லாமல் இருப்பது வழக்கம். மற்ற எதற்கும் இல்லாவிட்டால் அது தீப்பிடிக்கும் படகு.

பாய்மரத்துக்குள் போகும் ஒயரை மரத்தை இறக்காமல் சோதிக்க முடியுமா?

ஓரளவு முடியும். மரத்தின் அடிவாரத்தில் இணைப்பைக் கழற்றி, ஒவ்வொரு ஒயருக்கும் அலுமினிய மரத்துக்கும் நடுவே மின்தடை அளக்கவும். மீட்டர் எந்தத் தொடர்பையும் காட்டக்கூடாது. சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே தோல் உரசித் தேய்ந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் போடுங்கள். சுவிட்ச் போர்டிலிருந்து உச்சி வரை 15 மீட்டர் என்றால் போகவர 30 மீட்டர். 1.5 ச.மி.மீ. செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு சுமார் 0.012 ஓம், ஆக மொத்தம் 0.36 ஓம். பழைய 25 வாட் பல்பு 2.1 ஆம்பியர் இழுத்தால் 0.76 வோல்ட் வழியிலேயே போய்விடும். வழிகாட்டும் விளக்குகளுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல் இழக்கக்கூடாது என்பது நடைமுறை. அதே ஒயரில் 3 வாட் எல்இடி மாட்டினால் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. ஒயரின் செம்பு நன்றாக இருந்தால் விளக்கை மாற்றினாலே போதும், மரத்தை இறக்க வேண்டியதில்லை. மலிவான எல்இடி, படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியில் இரைச்சல் கிளப்பும். சிவப்பு, பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால் நிறம் திரியும். படகு விளக்குக்கென்று சான்று பெற்றதையே வாங்குங்கள்.

கசிவு மின்னோட்டம் என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதைக் கண்டு பயப்படுகிறார்கள்?

பில்ஜ் நீரில் மூழ்கிய ஒரு பாசிட்டிவ் இணைப்பு, தோல் கிழிந்த ஒரு ஒயர். அங்கிருந்து மின்சாரம் ஈரத்தின் வழியே படகின் உலோகப் பாகத்துக்கும் அதிலிருந்து கடல் நீருக்கும் பாயும். எந்த உலோகத்திலிருந்து நீருக்குள் இறங்குகிறதோ அந்த உலோகம் கரையும். சாதாரண அரிப்புக்கு ஆண்டுகள் ஆகும். இது சில வாரங்களிலேயே படகின் அடியில் உள்ள ஒரு வால்வை ஓட்டையாக்கும். படகு ஆற்றில் கட்டிய இடத்திலேயே மூழ்கும்.

சோதனை: எல்லா சுவிட்சையும் அணையுங்கள். பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். அந்த நேரத்தில் யாரும் எஞ்சின் சாவியைத் தொடக்கூடாது, மீட்டர் எரிந்துவிடும். வானொலியின் நினைவகம் போன்றவற்றுக்குச் சில மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 50, 100 என்று காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

இதற்கு முன்பே கசிந்திருந்தால் அதன் தடயம் அடியில் இருக்கும். நம் கரையில் ஏற்ற வற்றம் சுமார் ஒரு மீட்டர்தான். வற்றத்தில் படகைச் சாய்த்து வைத்து அடியைப் பார்க்கலாம் என்பது இங்கே நடக்காது. ஸ்லிப்பிலோ (படகைக் கரையேற்றும் சாய்தளம்) கிரேனிலோ ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றியதும் துத்தநாக ஆனோடைப் பாருங்கள், மற்ற உலோகத்தைக் காக்கத் தான் கரையும் துண்டு அது. சென்ற ஆண்டு மாட்டியது ஒரு வெற்றுப் போல்ட்டாக மிஞ்சியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு ஒவ்வொரு கடல்வால்வையும் (படகின் அடித்துளையைத் திறந்து மூடும் வால்வு) கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாகப் பளபளத்தால் நல்லது. சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாக, செம்புக்காசு போல இருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்து போய்விட்டது. பார்க்க முழுசாக இருந்தாலும் உள்ளே பொரிகடலை போல நொறுங்கும். சிறு சுத்தியால் தட்டினால் ‘ணங்’ என்று ஒலிக்காமல் ‘டொப்’ என்று கேட்கும். அந்தப் படகைச் சரிசெய்யும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள்.

புயலில் மூழ்கிய படகு என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் இந்தக் கரையில்தான் கடந்தன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. கட்டிய இடத்திலேயே தண்ணீர் நிறைந்த படகும் பிறகு கழுவித் துடைத்து விலைக்கு வரலாம்.

மெத்தையும் பெயின்ட்டும் மாறியிருக்கும், திருகுகளை யாரும் மாற்ற மாட்டார்கள். கேபினுக்குள் ஒரே உயரத்தில் எல்லாத் திருகுத் தலைகளும் துருவேறியிருந்தால் நீர் அதுவரை நின்றிருக்கிறது. ஒயர் போகும் குழாய்களுக்குள் விரல் விட்டால் ஆற்று வண்டல் ஒட்டும். மூழ்கிய படகின் மின்சாதனங்கள் காய்ந்ததும் சில வாரம் நன்றாகவே ஓடும், பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். இப்படிப்பட்ட படகுக்கு ஒயரிங், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் சுழியம் என்று வைத்தே விலை போடுங்கள்.

வாங்கச் சரியான பருவம் எது?

ஆவணி, புரட்டாசி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் படகைப் பத்திரமான இடத்தில் சேர்க்க வேண்டிய கவலை விற்பவருக்கு இருக்கும், அந்த நேரம் விலை இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறும். ஸ்லிப், கிரேன், டைனமோ ஒர்க்‌ஷாப் எதிலும் இடம் கிடைக்காது. சோதனை ஓட்டத்துக்கு முன் முகத்துவாரத்தின் மணல் நிலையை மீனவர்களிடம் கேளுங்கள். அடிக்கட்டை 1.5 மீட்டர் இறங்கும் படகு மணல் மேடு ஏறியிருக்கும் நாளில் வெளியே போகாது.

சரி, எவ்வளவு குறைத்துக் கேட்பது?

கண்ட குறைகளை மூன்று கூறாகப் பிரியுங்கள். ஒன்று, அளந்து உறுதியான பழுது. இதை முழுமையாகக் கழிக்கலாம். இரண்டு, பார்க்க முடியாத இடத்தில் இருக்கும் சந்தேகம். உட்கூரைக்குப் பின்னால் ஓடும் ஒயர், மரத்தின் உட்புறம். இங்கே மதிப்பீட்டோடு பாதியைக் கூட்டிக் கழியுங்கள், திறந்த பிறகு வேலை பெருகும். மூன்று, உங்கள் ஆசை: சோலார், புதிய ஜிபிஎஸ் திரை, எல்இடி. இதற்கு விற்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள். கேட்டால் முதல் இரண்டின் மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடும். ஐந்து வயதான பேட்டரிக்கு முழு விலையைக் கழிப்பதும் நியாயமில்லை, பாதி சரி.

முறையைக் காட்ட ஓர் உதாரணம். பழுதில்லாமல் இருந்தால் 7 லட்சம் போகும் படகு. உறுதியான பழுது 90,000. சந்தேகம் 60,000, பாதி கூட்டினால் 90,000. நியாய விலை 5,20,000. முதல் சொல் 4,90,000. அதற்கும் 5,20,000-க்கும் இடையில் முடியட்டும். ஆனால் பேச்சைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “நீங்க சொல்ற விலையில ஒயரிங் செலவைக் கழிச்சாச்சா?” கழித்திருந்தால் அதையே மறுபடி கழிக்க முடியாது.

கூலிக்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒர்க்‌ஷாப் இரண்டில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். 28 அடிப் படகை முழுக்க மறு ஒயரிங் செய்வது ஒரு நாள் வேலை அல்ல. இருவர் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதில் பாதி நேரம் பலகைகளைக் கழற்றி மாட்டுவதிலேயே போகும்.

விற்பவர் மனம் கோணாமல் எப்படிப் பேசுவது?

படகை அவர் பிள்ளை மாதிரி வளர்த்திருப்பார். குறையைப் படகின் மேல் சொல்லாமல் மீட்டரின் மேல் சொல்லுங்கள். “அண்ணே, படகு எனக்குப் பிடிச்சிருக்கு. ஸ்டார்ட் பண்றப்போ ஒம்போது வோல்ட்டுக்கு இறங்குது, நீங்களே பாருங்க. கேபிளும் பேட்டரியும் மாத்தணும். மதிப்பீடு இந்தா இருக்கு. இதைக் கழிச்சு ஒரு விலை சொல்லுங்க.” தொகையை அவர் வாயிலிருந்து வரவிடுங்கள். “இன்னொருத்தர் அட்வான்ஸோட நிக்கிறார்” என்றால், “அப்போ அவருக்கே கொடுங்கண்ணே, முடியலன்னா சொல்லுங்க” என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம். மின்கோளாறுள்ள படகு அவ்வளவு வேகமாகக் கைமாறாது.

“நானே சரிபண்ணிக் கொடுத்துடறேன்” என்றால்?

நன்றி சொல்லி, விலையில் குறைக்கச் சொல்லுங்கள். விற்கப்போகிற படகுக்கு யாரும் வெள்ளீயம் பூசிய ஒயர் வாங்க மாட்டார்கள். டேப் சுற்றிக் கொடுத்த இணைப்பை நீங்கள் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

முன்பணம், காகிதம்?

சோதனை ஓட்டத்துக்கு முன் டோக்கன் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கரையேற்றிப் பார்த்ததில் கடல்வால்வு கெட்டிருந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். படகு எண், எஞ்சின் எண், கூடவே வரும் பொருட்களின் பட்டியல், இரு தரப்பும் அறிந்த குறைகள், எல்லாம் அதில் இருக்கட்டும். பணம் வங்கி வழியே போகட்டும். பத்தில் ஒரு பங்கை எஞ்சின் ஓட்டம் உறுதியாகும்வரை நிறுத்திவைக்கலாம்.

வெளிநாட்டுக் கொடியோடு வந்த படகு என்றால் சுங்கவரி கட்டிய ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் பேச்சைத் தொடராதீர்கள். விஎச்எஃப் வானொலிக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். அதிலும், படகின் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியிலும் பழைய உரிமையாளரின் 9 இலக்க அடையாள எண் பதிந்திருக்கும். பல கருவிகளில் அதை நாமே அழிக்க முடியாது. அலமாரியில் துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசி கிடந்தால் விற்பவரே எடுத்துக்கொள்ளட்டும். இந்தியாவில் அனுமதியின்றி அவற்றை வைத்திருந்தால் வழக்கு வரும்.

எப்போது எழுந்து வந்துவிட வேண்டும்?

சுவிட்ச் போர்டைத் திறக்க விடாவிட்டால். உருகிய பிளாஸ்டிக் வாடை வந்து, அது எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாவிட்டால். கரையேற்ற மறுத்தால். காகிதத்தில் உள்ள பெயரும் எதிரில் நிற்பவரும் வேறாக இருந்தால். இதில் ஒன்று நடந்தாலே போதும், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்தப் படகு வேண்டாம்.

வாங்கியாயிற்று. முதல் வாரம் எதைத் தொடுவது?

பில்ஜ் பம்பை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஓடும்படி அதற்கென்று தனி பியூஸ் போட்டு பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுங்கள். பியூஸ் அளவு பம்பின் மேல் அச்சிட்டிருக்கும். இணைப்பை பில்ஜ் நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே தூக்கி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு மூடுங்கள். பிறகு மிதவை சுவிட்சைக் கையால் தூக்கிப் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது தானாக ஓடி நிற்பதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.